நேத்து வெச்ச இடத்துல இல்லையே தம்பி

கீரமங்கலத்தில் ஒரு பூ கமிஷன் கடை. பெயர் வேண்டாம். அந்தப் பக்கம் போய் வருகிறவர்களுக்கு அங்குள்ள கடைகள் எப்படி இருக்கும் என்று தெரியும். விடிகிற நேரத்துக்கே மல்லிகை, முல்லை, கனகாம்பரம், சம்பங்கி, செண்டி என்று சாக்கும் கூடையுமாக வந்து இறங்கும். எடை போட்டு, சிட்டை எழுதி, விலை வைத்து, வெளியூர் வியாபாரிகளுக்கு ஏற்றிவிட்டால் பத்து மணிக்கெல்லாம் தரையில் உதிரிப்பூ மட்டும்தான் கிடக்கும். அந்தக் கடைக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். பிரவுசரில் திறந்தால் அன்றைய வரத்து முழுவதும் ஓர் அட்டவணையாக வந்து நிற்கும். எங்கள் தொழிலில் அதை டேட்டா கிரிட் என்போம்.

கடையில் கணக்கெழுதும் அக்கா இருபது வருடமாகப் பேரேடு எழுதியவர். கம்ப்யூட்டர் வந்த முதல் நாள் பயப்படுவார் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் பயப்படவே இல்லை. கலங்களை மவுஸால் பிடித்து இழுத்து இடம் மாற்றலாம் என்று சொன்னதும் ("கலம்" என்றுதான் சொன்னேன், அடங்கல் பார்த்த ஊர்க்காரர்களுக்கு அது உடனே விளங்கும்) அரை மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நகர்த்தினார். நான் வைத்திருந்த வரிசை: தேதி, பெயர், ஊர், பூ, எடை, விலை, தொகை, கமிஷன், முன்பணம், நிகரம், குறிப்பு. அவர் முன்பணத்தைப் பிடித்து இழுத்து வந்து பெயருக்குப் பக்கத்தில் வைத்தார். ஊரை மறைத்தார். குறிப்பு என்ற கலத்தை அகலமாக்கினார்.

"முன்பணம் ஏன்க்கா இங்க?" என்று கேட்டேன்.

"ஆளு வந்து கை நீட்டறதுக்கு முன்னாடி பாக்கி எவ்வளவுன்னு எனக்குத் தெரியணும் தம்பி. பேரப் பார்த்ததும் அடுத்து அதத்தான் பார்ப்பேன்."

அது இருபது வருடம் கல்லாப் பக்கம் நின்று கற்ற அறிவு. எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. அதை அவர் என் அட்டவணையில் எழுதி வைத்தார் என்பது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. ஏதோ தோற்றத்தை மாற்றுகிறார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு போன். "நேத்து வெச்ச இடத்துல இல்லையே தம்பி." பக்கத்தைப் புதிதாகத் திறந்ததும் எல்லாம் நான் வைத்த வரிசைக்கே திரும்பியிருந்தது. அவர் மறுபடி நகர்த்தினார். மூன்றாம் நாளும் நகர்த்தினார். நான்காம் நாள் நான் நேரில் போனபோது கம்ப்யூட்டர் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, அக்கா பழைய பேரேட்டைத் திறந்து வைத்து, ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். சித்திரை மாதம் போட்ட கோடு பங்குனி வரைக்கும் அதே இடத்தில்தானே இருக்கும்.

இந்தப் பதிவை எழுத வைத்தது அந்தச் சிவப்புக் கோடுதான்.

முதல் வைத்தியம் எளிதாகத்தான் இருந்தது. நான் பயன்படுத்தியது டேட்டாடேபிள்ஸ் என்ற நிரல் நூலகம். அதில் ஸ்டேட்சேவ் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் எந்தக் கலத்தில் வரிசைப்படுத்தினார்கள், எதைத் தேடினார்கள், எந்தப் பக்கத்தில் இருந்தார்கள், எதை மறைத்தார்கள் என்பதையெல்லாம் பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜில் அதுவே எழுதி வைத்துக்கொள்ளும். லோக்கல் ஸ்டோரேஜ் என்பது ஒவ்வொரு தளத்துக்கும் பிரவுசர் ஒதுக்கித் தரும் ஒரு சின்ன அலமாரி, சுமார் 5 எம்பி. எழுத்தாக மட்டுமே வைக்க முடியும் என்பதால் ஜேசான் ஆக்கி உள்ளே போடுவோம். கலங்களை இழுத்து மாற்றுவதற்கு உதவும் துணைநிரலும் தன் வரிசையை அதே பொட்டலத்தில் சேர்த்துக்கொள்ளும். ஒரே ஒரு வரி எழுதினேன். வேலை முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் பதினோரு மணிக்கு மறுபடி போன். "காலையில இருந்துச்சு தம்பி. சாப்பிட்டு வந்து பார்த்தா இல்ல."

காரணத்தைத் தேடிப் பிடிக்கப் பாதி நாள் ஆனது. ஸ்டேட்சேவுக்கு ஆயுட்காலம் ஒன்று உண்டு. நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது 7200 விநாடி, அதாவது 2 மணி நேரம். கடைசியாக எழுதி வைத்ததிலிருந்து அவ்வளவு நேரம் தாண்டிவிட்டால், பக்கத்தை மறுபடி திறக்கும்போது சேமித்ததை எடுத்துக்கொள்ளாது. அக்கா எட்டரைக்கு வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பதினொன்றுக்குத் திரும்புகிறவர். மதிப்பை 0 என்று வைத்தால் கெடு கிடையாது. -1 என்று வைத்தால் அந்த டேப் திறந்திருக்கும் வரை மட்டும். இந்த மூன்றில் எது வேண்டும் என்பது கடையின் நாள் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தவர்தான் முடிவு செய்ய வேண்டும். நான் கடையின் நாளைப் பார்க்காமல் மென்பொருள் எழுதியிருந்தேன்.

கெடுவை எடுத்தபின் ஒரு வாரம் அமைதி. பிறகு அடுத்த சிக்கல் வந்தது. விடியற்காலையில் எடை போடுகிற தம்பியும் அதே கம்ப்யூட்டரில்தான் பதிவு செய்கிறான். அவனுக்கு முன்பணம் தேவையில்லை, ஊரும் பூவும் எடையும் முன்னால் வேண்டும். அவன் தன் வசதிக்கு மாற்றிவிட்டுப் போவான். அக்கா வந்து உட்கார்ந்தால் அவன் வரிசை நிற்கும்.

இதைச் சொன்னால் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் கொஞ்சம் வயதானவர்களுக்கு வாடகை சைக்கிள் ஞாபகம் வரும். 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம், அறிவொளி எழுத்தறிவு இயக்கம் புதுக்கோட்டைப் பெண்களைச் சைக்கிளில் ஏற்றியது. பத்தாயிரக் கணக்கில் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் அதைப் பற்றி எழுதி நாடெங்கும் தெரிந்தது. சொந்த சைக்கிள் இல்லாதவர்கள் வாடகைக்கு எடுத்தார்கள். எடுத்ததும் முதல் வேலை சீட்டை இறக்குவது. முந்தைய ஆள் உயரமானவராக இருந்தால் கால் தரையில் எட்டாது. சீட்டின் உயரம் சைக்கிளோடு போகும், ஓட்டுகிற ஆளோடு வராது. லோக்கல் ஸ்டோரேஜும் அப்படித்தான். அது பிரவுசரின் சொத்து. அக்காவின் சொத்து ஆகாது.

அதோடு போகவில்லை. "கம்ப்யூட்டர் மெதுவா ஓடுது" என்று சர்வீஸ் பையனை வரச் சொன்னார்கள். அவன் முதலில் செய்தது பிரவுசரில் இருந்த எல்லாவற்றையும் துடைத்தது. போச்சு. கடை உரிமையாளர் தன் ஐபோனில் பத்து நாளுக்கு ஒருமுறை திறந்து பார்ப்பவர். 2020 மார்ச்சிலிருந்து ஆப்பிளின் சஃபாரி, ஒரு தளத்தைத் தொடாமல் ஏழு நாள் பிரவுசரைப் பயன்படுத்தினால் அந்தத் தளத்தின் ஸ்கிரிப்ட் எழுதி வைத்ததை அழித்துவிடுகிறது. விளம்பரக்காரர்கள் ஆளைப் பின்தொடர்வதைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவர் அமைத்து வைத்ததும் அதில் சேர்ந்து போனது.

ஆக, ஆள் பெயரில் சர்வரில் வைப்பதுதான் வழி. டேட்டாடேபிள்ஸில் சேமிக்கும்போதும் எடுக்கும்போதும் நம் சொந்தக் கட்டளையை நுழைக்க இரண்டு வாசல் இருக்கின்றன, ஸ்டேட்சேவ் கால்பேக், ஸ்டேட்லோட் கால்பேக். ஏஜி கிரிட் என்ற இன்னொரு நூலகத்தைப் பயன்படுத்துகிறவர்கள் கெட்காலம்ஸ்டேட் என்று கேட்டு வாங்கி, அப்ளைகாலம்ஸ்டேட் என்று திருப்பிக் கொடுக்கலாம். அங்கே அப்ளைஆர்டர் என்பதை மறக்காமல் ட்ரூ ஆக்க வேண்டும். இல்லாவிட்டால் அகலம், மறைப்பு எல்லாம் திரும்பி வரும், வரிசை மட்டும் வராது. எத்தனை பேர் அங்கே தடுக்கி விழுந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரிந்த வட்டத்தை வைத்தே சொல்வேன், நிறையப் பேர்.

டேட்டாபேஸில் ஒரு சின்ன அட்டவணை போதும். பயனர் எண், எந்தத் திரை, எந்த வகைச் சாதனம், பதிப்பு எண், ஜேசான். சாதனத்தைத் தனியாக வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உரிமையாளர் போனில் நான்கு கலத்தை மட்டும் விட்டு மற்றதை மறைத்தார். அது அப்படியே அவருடைய மேசைக் கம்ப்யூட்டருக்கும் போய், பெரிய திரையில் நான்கு கலம் மட்டும் நீண்டு படுத்துக் கிடந்தது. போனுக்கு ஒன்று, பெரிய திரைக்கு ஒன்று என்று பிரித்தபின்தான் சரியானது.

கலத்தைப் பிடித்து இழுக்கிற ஒரு இழுப்பில் அகல மாற்றச் செய்தி டஜன் கணக்கில் வரும். ஒவ்வொன்றுக்கும் சர்வருக்கு ஓட வேண்டாம், கை நின்று ஒரு விநாடி கழித்து ஒருமுறை அனுப்பினால் போதும். சேமித்தது சர்வரிலிருந்து வந்து சேர்ந்தபிறகு கிரிட்டை வரையுங்கள். முதலில் பழைய வரிசையை வரைந்துவிட்டுப் பிறகு கண்முன்னே கலங்கள் குதித்து இடம் மாறினால், கை ஓரிடத்துக்குப் போகும்போது பொருள் வேறிடத்துக்குப் போய்விடும்.

சரி, சர்வரில் வைத்தாயிற்று. ஆறு மாதம் கழித்து "வங்கியில் செலுத்தியது" என்று ஒரு கலம் புதிதாகத் தேவைப்பட்டது. பூ கொண்டுவருகிறவர்களில் பாதிப் பேருக்கு இப்போது போனிலேயே பணம் போகிறது. தொகைக்கு அடுத்து அதைச் சேர்த்தேன். அன்று காலை அக்காவின் திரையில் எதையும் காணோம், எல்லாம் தொடக்க நிலை. நான் வைத்திருந்த டேட்டாடேபிள்ஸ் பதிப்பு சேமித்த கலங்களின் எண்ணிக்கையையும் இப்போதுள்ள எண்ணிக்கையையும் ஒப்பிடும். வேறாக இருந்தால் சேமித்த முழுவதையும் ஒதுக்கிவிடும். அதைக் குறை சொல்ல மாட்டேன், காரணம் இருக்கிறது. அது கலத்தை எண் வைத்து அடையாளம் காண்கிறது. நடுவில் ஒன்று நுழைந்தால் எட்டாவது என்பது எது?

புதுக்கோட்டை டவுனில் ராஜ வீதிகளைத் தாண்டினால் தெற்கு 2-ஆம் வீதி, 3-ஆம் வீதி, வடக்கு 2-ஆம் வீதி என்று எண்ணாகவே போகும். வெளியூர்க்காரர்கள் வந்தால் அந்த அமைப்பைப் பாராட்டுவார்கள், எண்ணிக்கொண்டே போய் வீட்டைப் பிடித்துவிடலாம். இடையில் புது வீதி முளைக்காது என்பதால் அது சரிப்படுகிறது. 2-க்கும் 3-க்கும் நடுவில் ஒன்று வந்தால் தபால்காரர் பாடு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மென்பொருளில் புது வீதி முளைத்துக்கொண்டேதான் இருக்கும். அதனால் ஒவ்வொரு கலத்துக்கும் மாறாத ஒரு பெயர் வையுங்கள். தலைப்பை அல்ல. தலைப்பு நாளைக்கு "நிகரம்" என்பதிலிருந்து "கையில் தருவது" என்று மாறலாம், மாறியது. உள்ளே இருக்கும் பெயர் மாறக் கூடாது. ஏஜி கிரிட்டில் அதற்குக் கால்ஐடி இருக்கிறது, அதை நீங்களே கொடுத்துவிடுங்கள்.

சேமித்ததையும் இன்றைய கலங்களையும் பெயர் வைத்து இணைக்கும் வேலையை நானே எழுதிக்கொண்டேன். சேமித்ததில் இருந்தும் இப்போது இல்லாமல் போன கலம், விட்டுவிடு. இப்போது இருந்தும் சேமித்ததில் இல்லாத கலம், கடைசியில் தெரியும்படி வை. நடுவில் நுழைக்காதே, மறைத்தும் வைக்காதே. அவர் பார்த்து, எங்கே வேண்டுமோ அங்கே இழுத்துக்கொள்வார். அக்கா அதை இழுத்து முன்பணத்துக்கு அடுத்து வைத்தார்.

இதுவரை சொன்னதெல்லாம் எரிச்சல் வகை. இனிச் சொல்லப்போவது அப்படி இல்லை.

வைகாசி மாதம். முகூர்த்தம் நெருக்கமாக இருந்தது, மல்லிகைக்கு நல்ல விலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் உரிமையாளர் மல்லிகை வரத்து மட்டும் எவ்வளவு என்று கேட்டார். அக்கா பூ என்ற கலத்தில் மல்லிகை என்று ஃபில்டர் போட்டுச் சொன்னார். அப்படியே மூடிவிட்டு வீட்டுக்குப் போனார். சனிக்கிழமை அந்தக் கடையில் வாரப் பட்டுவாடா. காலையில் திறந்தபோது என் நிரல் தன் கடமையை ஒழுங்காகச் செய்தது, நேற்று விட்ட இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தியது. வரிசை, அகலம், மறைப்பு, கூடவே ஃபில்டரும். ஃபில்டர் இருக்கிறது என்பதற்கு அடையாளமாகக் கலத்தின் தலைப்பில் ஒரு சின்ன நீலக் குறி. மிளகு அளவு கூட இல்லை. கடைசி வரியில் மொத்தம் வழக்கம்போல வந்து நின்றது. பார்த்தால் முழு அட்டவணை மாதிரியேதான் இருக்கும்.

பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பாட்டி வந்தார். கனகாம்பரம் போடுகிறவர். எடையில் கொஞ்சம்தான் வரும், ஒன்றரைக் கிலோ, ஒன்றே முக்கால். ஒவ்வொரு பூவாக உட்கார்ந்து பறித்துச் சேர்க்க வேண்டிய பூ அது. அக்கா திரையைப் பார்த்துவிட்டு, "இந்த வாரம் ஒங்க பேருல வரத்தே இல்லையேம்மா" என்றார். நான் அன்று அங்கேதான் இருந்தேன். பாட்டி ஒன்றும் பேசவில்லை. இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, வெற்றிலைக்கு அடியிலிருந்து மடித்த சிட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசை மேல் வைத்துக் கையால் நீவினார். நான்கு சிட்டை. நான்கும் அக்காவின் கையெழுத்து.

அக்காவின் முகத்தை நான் மறக்கவில்லை. இருபது வருடத்தில் தன் கணக்கு ஒருவர் முன்னால் பொய்யாகி அவர் பார்த்ததில்லை. தவறு அவருடையதே அல்ல, என்னுடையது. ஃபில்டரை எடுத்ததும் பாட்டியின் நான்கு வரியும் வந்தன. அதற்குள் பட்டுவாடா வாங்காமல் திரும்பிப் போனவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குச் சொல்லி அனுப்பி, மாலைக்குள் எல்லாவற்றையும் தீர்த்தோம்.

அன்றிலிருந்து நான் வைத்திருக்கும் பிரிவினை இது. எங்கே இருக்கிறது, எவ்வளவு அகலம், தெரிகிறதா இல்லையா, இவை அட்டவணையின் உருவம். கேட்காமலே திருப்பிக் கொடுக்கலாம். எந்த வரி தெரியும், எது தெரியாது என்பது கணக்கின் உள்ளடக்கம். அதைச் சத்தமில்லாமல் திருப்பிக் கொடுக்கவே கூடாது. இப்போது ஃபில்டரோடு திறந்தால் மேலே மஞ்சளாக ஒரு பட்டை நிற்கும்: "மல்லிகை மட்டும் தெரிகிறது. 46 வரிகள் மறைந்திருக்கின்றன. எல்லாவற்றையும் காட்டு." பட்டுவாடாத் திரையில் அதுவும் கிடையாது, அங்கே ஃபில்டரைச் சேமிப்பதே இல்லை. மொத்தத் தொகைக்குப் பக்கத்திலும் எத்தனை வரிக்கு மொத்தம் என்று எழுதிவிட்டேன்.

தேதி ஃபில்டரில் இன்னொரு பள்ளம் உண்டு. இன்று என்று ஒருவர் தேர்ந்தெடுத்தால், நிரல் அதை 14-ஆம் தேதி என்று எழுதி வைத்துக்கொள்ளும். நாளைக்குத் திறந்தால் 14-ஆம் தேதியின் கணக்குத்தான் வரும். அவர் கேட்டது "இன்று" என்பதை, தேதியை அல்ல. "இன்று", "இந்த வாரம்" என்ற சொல்லாகவே சேமித்து, திறக்கிற நாளில் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

வரிசைப்படுத்தலைத் திருப்பிக் கொடுப்பதில் தமிழுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. பெயர் வரிசையில் அடுக்கிச் சேமித்தார் அக்கா. மறுநாள் பெயர் வரிசைதான் வந்தது, ஆனால் நேற்றைய வரிசை இல்லை. நேற்று பிரவுசர் அடுக்கியது, இன்று முதல் பக்கத்தைச் சர்வர் அடுக்கி அனுப்பியது. யூனிகோடில் தமிழ் எழுத்துகளின் இருப்பிட வரிசை நம் நெடுங்கணக்கு வரிசை அல்ல. ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ல-வுக்கு அடுத்து ள, ழ, அதன்பிறகுதான் வ. புள்ளியோ உயிர்க்குறிகளுக்கெல்லாம் கடைசியில். அந்த எண்களை அப்படியே நம்பி அடுக்கினால் வனிதா, வரதன், வளர்மதி, வள்ளி என்று வரும். அகராதி பார்த்துப் பழகிய கண்ணுக்கு வரதன், வள்ளி, வளர்மதி, வனிதா என்று வர வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் இன்டல் கொலேட்டருக்குத் தமிழ் என்று சொல்லிவிட்டால் சரியாக அடுக்கும். டேட்டாபேஸிலும் தமிழுக்கான அடுக்கு விதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் "சேமித்த வரிசை" என்ற சொல்லுக்கே பொருள் உண்டு. தமிழ்ப் பெயர்களை வைத்து மென்பொருள் செய்கிறவர்கள் இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆங்கிலப் பெயர்களை வைத்துச் சோதித்தால் இது கண்ணில் படவே படாது.

கடைசியாக, "பழையபடி ஆக்கு" என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறேன். எடை போடும் தம்பி ஒருநாள் தெரியாமல் பெயர்க் கலத்தையே மறைத்துவிட்டு, யாருடைய பூ என்று தெரியாமல் திணறினான். நாம் எதையும் நினைவில் வைக்கிறோம் என்றால், மறக்கச் சொல்லவும் அவர்களுக்கு வழி இருக்க வேண்டும். அந்தப் பொத்தான் அந்த ஆளின், அந்தத் திரையின் அமைப்பை மட்டும் அழிக்கும். அழிக்கும் முன் இருந்ததை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும், ஏனென்றால் கைதவறி அழுத்துகிறவர்களும் உண்டு. காலை வரத்துக்கு ஒன்று, பட்டுவாடாவுக்கு ஒன்று என்று பெயர் கொடுத்து இரண்டு அமைப்பைச் சேமிக்கவும் வசதி செய்தேன். அதை அக்கா கேட்டார், நானாக யோசிக்கவில்லை.

வேலை பார்க்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கிரிட்டில் யாராவது ஒரு கலத்தை இழுத்து இடம் மாற்றினால், ஏன் மாற்றினார்கள் என்று ஒருமுறை அவர்களிடமே கேளுங்கள். கேட்டுவிட்டு, அந்த இடத்தை அவர்கள் எழுதிய தொகைக்குச் சமமாகப் பாதுகாத்து வையுங்கள்.

போன வாரம் கீரமங்கலம் போயிருந்தேன். அக்காவின் திரையில் பன்னிரண்டு கலங்களில் எட்டுதான் தெரிகின்றன. பெயருக்கு அடுத்து முன்பணம். பழைய பேரேடு அலமாரியில் இருக்கிறது, இந்தச் சித்திரைக்கு அதில் கோடு போடவில்லை.